பரத் வண்டியில் வைஜெயந்தி நம்பர்

தேவநாதனிடம் இரண்டு லாரிகள் இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே வருஷத்து மாடல், ஒரே பச்சை நிறம். ஒன்றின் நெற்றியில் மகன் பெயரை எழுதி வைத்திருந்தார், பரத் என்று. இன்னொன்றில் மகள் பெயர், வைஜெயந்தி. பரத் வண்டி மூட்டை உப்பை ஏற்றித் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சென்னைக்கும் வேலூருக்கும் மாப்பிள்ளை மாதிரி போய்வரும். வைஜெயந்தி வண்டி உப்பளத்துக்குள்ளேயே இறங்கி ஏறும். ஈரம் சொட்டச் சொட்ட வாரிப் போட்ட உப்பைக் களத்துக்குச் சுமந்து சுமந்து அதன் அடிப்பாகமெல்லாம் அரித்துப்போய்க் கிடந்தது. மகனுக்கு நல்லது, மகளுக்கு மிச்சம் என்கிற புத்தி வண்டி விஷயத்தில்கூட மாறவில்லை. உப்பளத்தில் யாரும் லாரியை நம்பர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "வைஜெயந்தி வந்துட்டுதா?" என்பார்கள். "பரத் எங்க நிக்குது?" என்பார்கள்.

அந்த வைஜெயந்தியைத்தான் மேரிசெல்வியின் புருஷன் சவரிமுத்து ஓட்டினான்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் பரத் வண்டி வேலூர் போயிருந்தது. புதுச்சேரிக்குப் போகவேண்டிய லோடை வைஜெயந்தியில் ஏற்றச் சொன்னார் தேவநாதன். மூட்டை ஏற்றிய பெண்கள் வழக்கம்போல் அந்த மூட்டைகள் மேலேயே ஏறி உட்கார்ந்தார்கள். தான் ஏற்றிய லோடின் மேல் உட்கார்ந்து வீடு போவது மரக்காணம் பக்கத்தில் காலங்காலமாக இருக்கிற ஏற்பாடு. அதைச் சலுகை என்று அவர்கள் நினைப்பதில்லை, கூலியில் ஒரு பகுதி என்றே நினைப்பார்கள். பஸ்காரன் நிறுத்தமாட்டான், நிறுத்தினாலும் உப்பு காய்ந்த சேலையோடு ஏறுகிறவளைப் பார்த்து முகத்தைச் சுளிப்பான். லாரி டிரைவர் வீட்டுத் திருப்பத்தில் இறக்கிவிட்டுப் போவான்.

ஈ.சி.ஆர். வளைவில் எதிரே பஸ் வந்தது. சவரிமுத்து பிரேக்கை மிதித்தான், வண்டி நிற்கவில்லை. பஸ்ஸில் மோதாமல் இருக்க ரோட்டை விட்டு இறக்கினான். வாய்க்காலில் வண்டி கவிழ்ந்தது. மேலே உட்கார்ந்திருந்தவர்களில் சிலருக்குக் கை போயிற்று, சிலருக்குக் கால். அஞ்சம்மாள் மூட்டைகளுக்கு அடியில் செத்துப்போனாள். சவரிமுத்து ஸ்டியரிங்கிலேயே போய்ச் சேர்ந்தான்.

அடுத்த நாளே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. குடித்துவிட்டு ஓட்டினானாம். சவரிமுத்து குடிக்கிறவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று நிறுத்தியவன், ஈஸ்டர் வந்தும் தொடவில்லை. அது ஊருக்கும் தெரியும். செத்தவன் எழுந்துவந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை என்கிற தைரியம், வேறென்ன! பள்ளிக்கூடத்தில் மகள் தமிழ்நிலாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை டீச்சர் வேறு பெஞ்சுக்கு மாற்றினார். கேட்டதற்கு, அந்தப் பெண்ணின் அம்மா சொல்லியனுப்பினாளாம். கொலைகாரன் பிள்ளை பக்கத்தில் எப்படி உட்காருவது என்று.

அன்றைக்குத்தான் மேரிசெல்விக்கு ரத்தம் கொதித்தது. அழுதது போதும் என்று எழுந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். "என் வூட்டுக்காரு குடிக்கல சார். பிரேக்குதான் இல்ல. வைஜெயந்திக்கு இன்னைக்கு பிரேக் அடிச்சா நாளைக்குதான் நிக்கும்னு தினமும் பொலம்புவாரு" என்றாள்.

ரைட்டர் தன் போனில் வண்டி நம்பரைத் தட்டினார். இப்போதெல்லாம் நம்பரைப் போட்டால் வண்டியின் ஜாதகமே வந்துவிடுகிறது. யார் பெயரில் இருக்கிறது, இன்சூரன்ஸ் எதுவரை, வரி எதுவரை, எல்லாம் வந்தது. "பாரும்மா, சித்திரையில எஃப்.சி. பாஸ் ஆயிருக்குது. வண்டிய நிறுத்தி, பிரேக்க பாத்து, நல்லா இருக்குதுன்னு கவர்மெண்டே சொல்லியிருக்குது. அப்ப தப்பு வண்டி மேலயா, ஓட்டினவன் மேலயா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. திரும்பி வந்தவளுக்கு வழியெல்லாம் ஒரே கேள்விதான். பிரேக் இல்லாத வைஜெயந்தி எப்படி எஃப்.சி. பாஸ் ஆயிற்று?

ஊரில் இ-சேவை மையம் ஒன்றுதான் இருந்தது. தேவநாதன் கட்டி வாடகைக்கு விட்டிருந்த கடை வரிசையில் இருந்த அதை நடத்தியவள் சந்தியா, செத்துப்போன அஞ்சம்மாளின் மகள். முன்பெல்லாம் வாய் நிறைய "சித்தி" என்று கூப்பிடுவாள். அம்மா செத்ததிலிருந்து மேரிசெல்வியைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். அவளிடம் போவதற்கு மேரிசெல்விக்குக் கால் கூசியது. ஆனாலும் போனாள். வாசலில் நின்றே விஷயத்தைச் சொன்னாள்.

சந்தியா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க வூட்டுக்காரு நல்லவருன்னு நான் எழுதித் தரணுமா?"

"அதெல்லாம் நீ ஒண்ணும் எழுத வேணாம். அந்த வண்டி எப்படி பாஸ் ஆச்சுன்னு கேட்டு எழுது. உங்கம்மா ஏறின வண்டிதானே?"

கடையில் வேறு ஆள் இல்லை. சந்தியா ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். "உக்காருங்க. உங்களுக்காக செய்யல. எங்கம்மாவ கொன்னது யாருன்னு எனக்கும் தெரியணும்."

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார்கள். இன்ன நம்பர் லாரி சித்திரையில் எஃப்.சி. காட்டியபோது எடுத்த சோதனை அறிக்கை, போட்டோ எல்லாம் வேண்டும் என்று. அது மூன்றாம் நபர் விவரம், தரமுடியாது என்று பதில் வந்தது. அந்த வண்டியில் செத்தவர்களின் வீட்டாரான நாங்கள் மூன்றாம் நபரா என்று கேட்டு சந்தியா மேல்முறையீடு எழுதினாள். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. மழை இறங்கி, பாத்திகளெல்லாம் தண்ணீர் நிறைந்து, உப்பளத்தில் வேலை நின்றது. ஊரே கையைக் கட்டிக்கொண்டு தை மாதத்துக்குக் காத்திருந்தது.

கார்த்திகையில் தபால் வந்தது. இரண்டு தாள்தான். முதல் தாளில் பிரேக், விளக்கு, டயர், எல்லாவற்றுக்கும் நேராகச் சரி, சரி, சரி. இரண்டாவது தாளில் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ. சோதனை மைதானத்தில் லாரி நிற்கிறது. பம்பரில் வைஜெயந்தியின் நம்பர். மேரிசெல்வி தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். லாரியின் நெற்றியில், மாலை போட்டாற்போல் வளைத்து எழுதிய எழுத்தில், பரத் என்று இருந்தது.

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். படுபாவி! நல்ல வண்டியில் கெட்ட வண்டியின் நம்பரை மாட்டிக் காட்டியிருக்கிறான். நம்பரை மாற்றியவர்கள் நெற்றியை மறந்துவிட்டார்கள். சோதித்த அதிகாரிக்குப் பரத் யார், வைஜெயந்தி யார் என்று எப்படித் தெரியும்? உப்பளத்துக்காரிக்குத் தெரியும். மழையில் குடைகூட எடுக்காமல், தாளைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்கு ஓடினாள்.

"நான் சொன்னேனா இல்லியா? பாரு, பரத் வண்டிய காட்டியிருக்கான்! வைஜெயந்தி அந்தப் பக்கமே போவல. என் வூட்டுக்காரு மேல தப்பே இல்ல!"

சந்தியா தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் முகமும் மாறியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மேரிசெல்வியின் கையைப் பிடித்தாள். "மெயில்லயும் அனுப்பியிருப்பாங்க. கலர்ல இருக்கும், இருங்க." படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். நெற்றி எழுத்து பளிச்சென்று வந்தது. அங்கிருந்து கீழே இறக்கி நம்பர் பிளேட்டைக் காட்டினாள். அதில் போல்ட்டு இல்லை, கம்பி போட்டு முறுக்கியிருந்தது. அவசரத்தில் மாட்டியது என்று யாருக்கும் தெரியும்.

பிளேட்டுக்குப் பக்கத்தில், படத்தின் ஓரத்தில், ஒரு ஆள் பாதியாக நின்றிருந்தான். முகம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. கை மட்டும் உள்ளே நீண்டிருந்தது. வண்டியின் அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த காகிதத்தைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தது அந்தக் கை. முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது. சந்தியா இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாக்கினாள்.

மேரிசெல்வி.

வேளாங்கண்ணிக்குக் கொடியேற்றம் பார்க்கப் போனபோது சவரிமுத்து குத்திக்கொண்டது. ஊரெல்லாம் பார்க்கும்படி இப்படியா குத்திக்கொள்வது என்று அவள் வாயால் திட்டினாள், மனசுக்குள் பூரித்துப்போனாள். அந்தக் கை இப்போது வைஜெயந்தியின் அடியில் படுத்துத் தேய்த்தெடுத்த நம்பரை, பரத் வண்டியின் முன்னால் நின்று காட்டிக்கொண்டிருந்தது.

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தின் மூலையில் தேதி இருந்தது. தமிழ்நிலாவின் பிறந்த நாள். மேரிசெல்விக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. கறி தொடாத தவக்காலம் அப்போதுதான் முடிந்து நாக்கு செத்துக்கிடந்த நேரம் அது. அன்று பொழுது சாய்கையில் தேவநாதன் தன் காரில் ஒரு அண்டா பிரியாணியோடு தெருவுக்கே வந்தார். "எஃப்.சி. பாஸாயிடுச்சு! காலையிலேருந்து கிரவுண்டுல நானே கிட்ட நின்னு காட்டிட்டு வர்றேன். புள்ள பொறந்த நாளும் சேந்துக்கிச்சு, சாப்புடுங்க எல்லாரும்" என்றார். தெருவே தட்டோடு வந்து நின்றது. அஞ்சம்மாளுக்கு மேரிசெல்வியே தூக்குவாளி நிறையப் போட்டுக் கொடுத்தாள். எஃப்.சி. பாஸ் என்றால் பிரேக்கைச் சரி பண்ணிவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றினாள்.

சவரிமுத்து கிரீஸ் போகக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, இரண்டு தட்டுச் சாப்பிட்டான். வயிறு சரியில்லை, வேண்டாம் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாப்பிட்டுவிட்டுச் சிரித்தான். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"நம்பர் போர்ட மாத்தினது இவரு கைதான்" என்றாள் சந்தியா. குரலில் கோபம்கூட இல்லை. "பிரேக் இல்லன்னு தெரியும். தெரிஞ்சேதான் எங்கம்மாவ மேல ஏத்திக்கினு போனாரு."

"அவரும்தானேடி அதுல செத்தாரு."

"ஆமா. அவருக்குத் தெரிஞ்சி செத்தாரு. எங்கம்மாவுக்குத் தெரியாது."

மேரிசெல்வி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "அந்தக் கைய மட்டும் வெட்டிட முடியாதா?"

"முடியும். ஒரு நிமிஷ வேல." சந்தியா மவுஸைத் தொடவில்லை. "வெட்டினா ஓனரு இன்னா சொல்லுவாரு? ஆபீஸ்ல போட்டோ மாறிப்போச்சு, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னுவாரு. அவரு ஆளோட கை அங்க இருந்தாதான் அவரு மாட்டுவாரு. கை இல்லன்னா இது வெறும் லாரிப் படம்."

சொன்னதில் தப்பில்லை. புருஷனைக் காப்பாற்றினால் தேவநாதன் தப்பிப்பார். தேவநாதனைப் பிடிக்கவேண்டுமானால் புருஷனையும் சேர்த்துப் பிடித்துக் கொடுக்கவேண்டும். இப்படி ஒரு கணக்கைப் போட்டுவைத்த கடவுளை மேரிசெல்வி மனசுக்குள் நன்றாகத் திட்டினாள். வீட்டில் தமிழ்நிலா தனி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்து வாய்ப்பாடு படித்துக்கொண்டிருப்பாள். அவளிடம் போய் என்ன சொல்வது? உங்கப்பா குடிக்கவில்லை கண்ணு, தெளிவாகத்தான் இருந்தார் என்றா?

"புகாரோட படத்த அப்படியே வச்சி அனுப்பு" என்றாள்.

அந்தப் புகாரை விசாரிக்க அதிகாரி ஒருவர் மார்கழியில் வந்தார். தேவநாதன் களத்தில் ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, இளநீரும் வெட்டி வைத்திருந்தார். போட்டோவைக் காட்டியதும் அவர் கொஞ்சமும் பதறவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ சவரி, இப்படிப் பண்ணிட்டியேடா! சார், ரிப்பேர் பண்ணச் சொல்லிக் காசு குடுத்தேன் சார். அத குடிச்சிட்டு, எனக்குத் தெரியாம போர்ட மாத்திக் காட்டியிருக்கான். நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல, வேலூர்ல இருந்தேன். அவன் கைதான் சார் இது, ஊருக்கே தெரியும். பொண்டாட்டி பேரு குத்தியிருக்குது பாருங்க."

குடிகாரன் என்ற பெயரைத் துடைக்கப் போனவள், திருடன் என்ற பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நின்றாள். ஆனால் அவளும் சும்மா விடுகிறவள் இல்லை. "வேலூர்ல இருந்தவரு அன்னைக்கு பொழுதோட எங்க தெருவுல வந்து எப்படி பிரியாணி போட்டாரு? கிரவுண்டுல நானே நின்னு காட்டினேன்னு எல்லாருக்கும் கேக்க சொன்னாரே! கேளுங்க சார், தெருவே சாப்பிட்டுது."

அதிகாரி தெருவைக் கேட்டார்.

மேஸ்திரி பக்தவச்சலம் அன்றைக்கு மூன்று தடவை தட்டை நீட்டியவர். "எனக்கு சுகர் சார். பிரியாணி பக்கமே போறதில்ல" என்றார். காலொடிந்து தாங்கி நடக்கிற பொன்னம்மாள், "அன்னைக்கு எங்க வூட்ல கருவாட்டுக் கொழம்புங்க" என்றாள். என்றைக்கு என்று அதிகாரி இன்னும் தேதியே சொல்லவில்லை. சகாயமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். மேரிசெல்வி தன் கையால் வாரிப் போட்ட தட்டுகள் அத்தனையும் இல்லை என்றன. கல்யாணப் பிரியாணியில் முட்டை வைக்கவில்லை என்று இருபது வருஷம் சொல்லிக்காட்டுகிற ஊர் அது. பிரியாணியை மறந்த ஜனத்தை அங்கே முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. தை பிறந்தால் பாத்தி திறக்கும். பாத்தி திறந்தால் தேவநாதன் களத்தில்தான் வேலை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை என்று பெரிய மனசுக்காரர்கள் யாராவது சொல்லலாம். மேரிசெல்விக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. ஒவ்வொரு முகத்தையும் நேராகப் பார்த்து, நாசமாய்ப் போங்கள் என்று மனசாரச் சபித்தாள்.

"நான் சாப்பிட்டேன் சார்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சந்தியா முன்னால் வந்தாள். தேவநாதன் அவளைப் பார்த்தார். கடையின் சொந்தக்காரர் பார்க்கிற பார்வை அது.

"எங்கம்மா தூக்குவாளியில வாங்கியாந்தா. லெக் பீஸ எனக்குன்னு எடுத்து வச்சா. இவரு கார்லேருந்து எறங்கி நின்னு சொன்னத நான் கேட்டேன். கிரவுண்டுல காலையிலேருந்து நானே கிட்ட நின்னேன்னாரு. எழுதிக்குங்க." மூச்சு வாங்கினாள். "இன்னொண்ணும் எழுதிக்குங்க. போர்ட மாத்தினது டிரைவர் சவரிமுத்து. பிரேக் இல்லன்னு அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ரெண்டு பேருமா சேந்துதான் எங்கம்மாவ கொன்னாங்க. ஒருத்தர மட்டும் எழுதறதா இருந்தா நான் கையெழுத்து போட மாட்டேன்."

அதிகாரி எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். உரிமையாளர் தேவநாதனும் ஓட்டுநர் சவரிமுத்துவும் பிரேக் பழுது என்று அறிந்தே, ஒருவருக்கொருவர் உடந்தையாக என்று அதில் வந்தது. படித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். "ஒரு சாட்சி பத்தாது. அன்னைக்கு அங்க இருந்த இன்னொருத்தர் கையெழுத்து வேணும். இதுல இருக்கறது அத்தனையும் உண்மைன்னு போடணும். பாதிய ஒத்துக்கறேன், பாதிய ஒத்துக்கலங்கறதெல்லாம் கிடையாது."

பக்தவச்சலம் இளநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். தேவநாதன் மேரிசெல்வியைப் பார்த்து, கிட்டத்தட்ட அன்பாகவே, "ஏம்மா, பொம்பளப் புள்ள வச்சிருக்கற. செத்தவன் பேர நீயே கெடுத்துக்கப் போறியா?" என்றார்.

அந்த ஆள் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் கொடுமை. புருஷன் பேரைக் காப்பாற்றக் கிளம்பியவள், ஆடியிலிருந்து அதற்காகவே அலைந்தவள். இப்போது இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ்நிலாவுக்குத் தனி பெஞ்சுகூட இருக்காது. போடாவிட்டால் எல்லாம் சவரிமுத்து தலையில் விடியும். வைஜெயந்திக்குப் புது பெயிண்ட் அடித்து மறுபடியும் எஃப்.சி. வாங்கிவிடுவார்கள். பெண்களும் மறுபடியும் அதன் மேல் ஏறுவார்கள்.

அவள் சந்தியாவைப் பார்த்தாள். சந்தியா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேரிசெல்வி பேனாவை வாங்கினாள். அவளுக்குத் தன் பெயரை மட்டும்தான் திருத்தமாக எழுத வரும். அவன் கையில் பச்சையாக இருந்த அதே பெயரை, அவன் பெயருக்குக் கீழே எழுதிக்கொடுத்துவிட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் என்று வீட்டுக்கு நடந்தாள்.